மீனும் எழுத்தும்: கரிசல் வட்டாரக் காசுகளை இனங்கண்ட வரலாறு

1888இல், வேலூரில் பணியாற்றிய டேனிஷ் மிஷனரி லோவந்தால் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். அன்றைய திருநெல்வேலி ஜில்லாவுக்குள் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை, கொற்கை எல்லாம் அடக்கம். 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதைக் கொண்டே அறியப்படும் இந்த வானம் பார்த்த பூமிக்கு, அதைவிட மிகப் பழைய நாணய வரலாறு இருக்கிறது.

மீன் இருந்தால் பாண்டியன், புலி இருந்தால் சோழன் என்று பிரிப்பது எளிய வழி. ஆனால் பாண்டிய நாட்டில் அது பாதி தூரம்தான் கொண்டுபோகும். முதலாம் இராசேந்திரன் இந்நாட்டை ஆளத் தன் மகனைச் 'சோழ பாண்டியன்' என்ற பட்டத்துடன் அமர்த்தினான். அவனுடைய திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு இரட்டை மீனும் வில்லும் உள்ளன. சோழக் காசுகளிலும் இதே சேர்க்கை உண்டு. அங்கே மீன், வென்றவன் காட்டும் வெற்றிச் சின்னம்.

ஆகவே எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது. பிற்காலப் பாண்டியச் செப்புக்காசு ஒன்றில் மீன்களோடு 'சு' என்ற ஓரெழுத்து மட்டும் இருக்கும். சுந்தர பாண்டியன் பெயரின் முதலெழுத்தாக அதைக் கொள்கிறார்கள். எந்தச் சுந்தரன்? 1216இல் பட்டமேறிய மாறவர்மனா, 1251இல் ஏறிய சடையவர்மனா, பின்வந்த வேறொருவனா? ஓரெழுத்து அதைச் சொல்லாது. 'சோணாடு கொண்டான்' என்று முழுதாகப் பொறித்த காசு இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது: சோழநாட்டை வென்று திருப்பித் தந்த மாறவர்மனின் மெய்க்கீர்த்தியோடு அது பொருந்துகிறது.

எழுத்தின் வடிவமும் ஒரு சாட்சி. எட்டாம் நூற்றாண்டுக் கழுகுமலைச் சமணக் கல்வெட்டுகள் வட்டெழுத்தில் உள்ளன. சோழர் ஆட்சி வந்த பிறகே பாண்டிய நாட்டில் தமிழெழுத்து மேலோங்கியது. தமிழெழுத்து 'சு' பொறித்த காசைப் பதினோராம் நூற்றாண்டுக்கு முன்னே தள்ளுவது கடினம். கழுகுமலைப் பாறையைப் படிக்காமல் இந்த வட்டாரக் காசைப் படிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சங்ககாலக் காசுகளிலும் திருப்பம் எழுத்தால்தான் வந்தது. சதுரச் செப்புக்காசுகளின் பின்புறத்தில் கோணல் கோடுகளாக ஓர் உருவம் இருக்கும்; பார்த்ததும் மீன் என்று தோன்றாது. நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட காசில் முன்புறம் குதிரையும், அதன் மேல் தமிழ்ப் பிராமியில் 'பெருவழுதி' என்ற பெயரும், பின்புறம் அந்தக் கோட்டுருவமும் இருந்தன. வழுதி பாண்டியர் பெயர் என்பதால், கோட்டுருவம் பாண்டியரின் மீன் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைத்தது.

1994இல் அவரே கரூர், மதுரை, திருக்கோவிலூரில் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளைத் தொகுத்து நூலாக்கினார். கிழக்கு ரோமானியத் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளிலும் விலங்கும் எழுத்தும் ஆளை இனங்காட்டும் இதே வேலையைச் செய்தன. 457 முதல் 474 வரை ஆண்ட பேரரசர் லியோ, 'சிங்கம்' என்று பொருள்படும் தன் பெயருக்கேற்பச் சிங்கத்தைக் காசில் பொறித்தார். அவருக்கு முன் ஆண்ட மார்சியன், தன் பெயரெழுத்துகளை ஒன்றோடொன்று பிணைத்து மாலைக்குள் வைத்தார். பைசாந்தியர் எனப்படும் இந்தக் கிழக்கு ரோமானியருடைய ஈய முத்திரைகளிலும் இந்தப் பிணைப்பெழுத்து வழங்கியது. தொடக்கத்தில் கட்டமாக இருந்த அது, ஆறாம் நூற்றாண்டில் சிலுவை வடிவம் பெற்றது. அந்த வடிவ மாற்றமே காலத்தைக் கணிக்க உதவுகிறது.

நம் 'சு' காசின் வழக்கைத் தீர்க்கவோ, எழுத்தோடு அது கிடைத்த இடமும் தெரிந்தாக வேண்டும். மழைக்குப் பின் உழவில் கிளம்பும் காசு வியாபாரி கைக்குப் போனதும் ஊர்ப்பெயரை இழக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் எழுத்தும் மழுங்கிவிடும். எந்த ஊர், எந்தப் புஞ்சை, உடன் கிடைத்தவை எவை என்று குறித்துத் தாசில்தாரிடம் ஒப்படைத்த காசுதான், எந்தச் சுந்தரன் என்ற கேள்விக்குப் பயன்படும்.