இரண்டாவது விமானச் சீட்டு
நாகலட்சுமி, ரஜினிகாந்த்: பிள்ளையோடு பயணம் போன இருவர்

பிள்ளை வெளிநாட்டுப் போட்டிக்குப் போனால் பத்திரிகையில் பிள்ளையின் பெயர் வரும். கூடப் போனவரின் பெயர் பெரும்பாலும் வராது. அப்படிக் கூடப் போனவர்களில் இருவரைத் தமிழ்நாடு பெயர் சொல்லியே அறியும். ஒருவர், சதுரங்க கிராண்ட்மாஸ்டர் பிரக்ஞானந்தாவின் தாய் நாகலட்சுமி. இன்னொருவர், உலக சாம்பியன் பட்டம் வென்ற குகேஷின் தந்தை, காது மூக்கு தொண்டை மருத்துவர் ரஜினிகாந்த். விளையாட்டில் பிள்ளைக்கு நாட்டம் உள்ள வீடுகள் நம் ஊத்துக்கோட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் உண்டு. "இவனுக்காக நாம் எதுவரை போகலாம்?" என்று அந்த வீடுகளில் எழும் கேள்விக்கு, இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும் என்று நம்புகிறேன்.

ஒப்பிட ஏற்ற இணை

பிரக்ஞானந்தா பிறந்தது 2005 ஆகஸ்ட் 10. குகேஷ் 2006 மே 29. இருவரும் சென்னைப் பிள்ளைகள். வேலம்மாள் பள்ளிக் குழுமத்தில் படித்தவர்கள். பிரக்ஞானந்தா 12 வயது 10 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். குகேஷ் 12 வயது 7 மாதத்தில். ஊரும் வயதும் பள்ளியும் ஏறத்தாழ ஒன்று. வீட்டு நிலைமைதான் வேறு. பிரக்ஞானந்தாவின் தந்தை ரமேஷ்பாபு கூட்டுறவு வங்கி மேலாளர், தாய் இல்லத்தரசி. குகேஷின் வீட்டில் அப்பா மருத்துவர், அம்மா பத்மா நுண்ணுயிரியல் வல்லுநர், இருவரும் சம்பாதித்தவர்கள்.

குகேஷின் பூர்வீகம் நமக்குப் பக்கம்தான். ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் போனால் வரும் சத்தியவேடு தொகுதியைச் சேர்ந்த குடும்பம் அது. 2024 டிசம்பரில் அவர் உலகப் பட்டம் வென்றதும் அவர் தமிழரா, தெலுங்கரா என்று பெரிய வாதம் நடந்தது. கடைத்தெருவில் இரண்டு மொழியும் புழங்கும் நம் ஊருக்கு அந்த வாதம் தேவைப்படவில்லை. எப்படிச் சொன்னாலும் அவர் நம் பக்கத்துப் பிள்ளை.

ஏன் வெளிநாடு?

இவ்வளவு சின்ன வயதில் வெளிநாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 தரப்புள்ளியைத் தொட வேண்டும். அதோடு மூன்று 'நார்ம்', அதாவது ஒரு போட்டியில் கிராண்ட்மாஸ்டர் தரத்துக்கு ஆடியதற்கான சான்று, எடுக்க வேண்டும். நார்ம் கிடைக்கிற போட்டியில் எதிரே உட்காருபவர்களில் குறைந்தது மூவர் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். பிற நாட்டு ஆட்டக்காரர்களும் வேண்டும். அப்படிப்பட்ட போட்டிகள் ஐரோப்பாவில் ஆண்டு முழுவதும் அடுத்தடுத்து நடக்கின்றன. இங்கே எப்போதாவதுதான் அமையும். பிரக்ஞானந்தாவின் மூன்று நார்ம்களும் வெளியில் கிடைத்தவை: 2017-இல் இத்தாலியில் நடந்த உலக ஜூனியர் போட்டி, 2018-இல் கிரீஸ், அதே ஆண்டு ஜூனில் மறுபடியும் இத்தாலி. அமெரிக்கச் சிறுவன் அபிமன்யு மிஸ்ராவும் 2021-இல் தந்தையோடு புடாபெஸ்ட் நகரில் மாதக்கணக்கில் தங்கி ஆடித்தான் 12 வயது 4 மாதத்தில் உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டர் ஆனான்.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு போட்டிக்கும் இரண்டு விமானச் சீட்டு, இரண்டு விசா, இரண்டு பேர் சாப்பாடு. முதல் சீட்டுக்கு உரியவர் விளையாடப் போகிறார். இரண்டாவது சீட்டில் போகிறவர் அங்கே என்ன செய்கிறார் என்பதில்தான் இவ்விரு பெற்றோரும் வேறுபடுகிறார்கள்.

வீட்டைக் கூடவே கொண்டுபோன தாய்

நாகலட்சுமியின் பெட்டியில் சமையல் அடுப்பும் பாத்திரமும் இருக்கும். எந்த நாட்டில் இறங்கினாலும் சோறும் ரசமும் வைத்துக் கொடுத்துவிடுவார். கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். ஓர் ஆட்டம் நான்கைந்து மணி நேரம் போகும். போட்டி ஒன்பது, பத்து நாள் நீளும். பழக்கமில்லாத சாப்பாட்டால் ஒருநாள் வயிறு கெட்டால் ஒரு சுற்று போகும். ஒரு சுற்று போனால் நார்மே நழுவலாம். எனவே அந்த ரசம் சாதம் பாசத்தில் செய்தது மட்டுமல்ல, போட்டிக்கான ஏற்பாட்டிலும் ஒரு பகுதி.

அவருக்குச் சதுரங்கத்தில் பெரிய பயிற்சி கிடையாது. மூத்தவள் வைஷாலி எந்நேரமும் தொலைக்காட்சி பார்க்கிறாளே என்றுதான் அந்த வீட்டில் சதுரங்கம் நுழைந்தது. அக்காவைப் பார்த்துத் தம்பி கற்றுக்கொண்டான். பலகையில் நடப்பது புரியாவிட்டாலும் மகனின் முகத்தைப் பார்த்தால் அம்மாவுக்கு நிலவரம் தெரிந்துவிடும். ஆனால் தன் பதற்றம் மகனுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, ஆட்டம் நடக்கும்போது அவன் கண்ணைப் பார்க்கமாட்டாராம், பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

2023 ஆகஸ்டில் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பையில் பிரக்ஞானந்தா முன்னணி கிராண்ட்மாஸ்டர்களான நகமுராவையும் கருவானாவையும் வென்று இறுதிச் சுற்றில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் கார்ல்சனை எதிர்கொண்டார். இரண்டாம் இடம் பெற்றார். அந்த நாட்களில் மகனைப் பார்த்தபடி நிற்கும் நாகலட்சுமியின் படங்கள் உலகெங்கும் பரவின. முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவ், தன்னுடைய போட்டிகளுக்கெல்லாம் தன் தாய் கூட வந்ததை நினைவுகூர்ந்து மகனோடு தாயையும் சேர்த்து வாழ்த்தினார். உலகப் பட்டத்தை வென்ற ஒருவர் தன் அனுபவத்திலிருந்து கொடுத்த சான்று அது.

வேலையை நிறுத்திவிட்டுப் போன தந்தை

ரஜினிகாந்தின் பாதை இதைவிடக் கடினமானது. மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக 2017-18 வாக்கில் மருத்துவத் தொழிலை நிறுத்தினார். குகேஷும் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை. போட்டிகளுக்குப் பதிவு செய்வது, விசாவுக்கு அலைவது, மலிவான தங்குமிடம் தேடுவது எல்லாம் தந்தையின் வேலை. குடும்ப வருமானம் குறைந்தது. செலவு கூடிக்கொண்டே போனது. பெற்றோரின் நண்பர்கள் பணம் கொடுத்து உதவிய காலம் ஒன்று உண்டென்று உலக சாம்பியன் ஆனபின் குகேஷே சொன்னார்.

மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற பெயர் அப்போது ரஷ்யாவின் கர்யாகினிடம் இருந்தது. அவரை முந்த வேண்டுமென்று நாடு நாடாகப் போனார்கள். 17 நாட்களில் தவறியது. 2019 ஜனவரி 15 அன்று குகேஷுக்குக் கடைசி நார்ம் கிடைத்தது டெல்லியில். இது மேலோட்டமாகக் கடந்துபோகக் கூடாத செய்தி. தரமான போட்டி உள்ளூரில் நடந்தால் பட்டம் உள்ளூரிலேயே கிடைக்கும்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்காக அப்போதைய சாம்பியன் டிங் லிரனோடு பதினான்காவது ஆட்டம். ரஜினிகாந்த் அரங்குக்கு வெளியே நடந்துகொண்டிருந்தார். மகன் வென்ற செய்தி அவருக்கு அங்கேதான் வந்து சேர்ந்தது. 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார்; இதற்கு முன் மிக இளையவராக இருந்த காஸ்பரோவ் 1985-இல் பட்டம் வென்றபோது வயது 22.

கூடப் போயும் விலகி நின்றார்கள்

ஒருவர் வீட்டைக் கொண்டுபோனார், ஒருவர் தொழிலை விட்டுப் போனார். ஆயினும் ஓர் இடத்தில் இருவரும் ஒன்றாகிறார்கள்: ஆட்டத்துக்குள் நுழையவில்லை.

கடற்கரை விளையாட்டுகளில் பெற்றோரின் நிலைமை வேறு. கலிபோர்னியாவின் லகூனா கடற்கரையில் ஸ்கிம்போர்டு போட்டி நடக்கும்போது, பிள்ளை மணலில் ஓடிப் பலகையை மெல்லிய நீரில் எறிந்து, அதில் தாவி ஏறி, வரும் அலையை எதிர்கொள்கிறது. பெற்றோர் அதே மணலில் நின்று எல்லாவற்றையும் பார்க்கலாம், கத்தலாம், கை காட்டலாம். சதுரங்கத்தில் ஒரு சைகைகூடக் குற்றமாகிவிடும். ஆனால் விதி தடுப்பது போட்டி அரங்கத்தில் மட்டுமே. ராத்திரி ஓட்டல் அறையில் "ஏன் அந்தக் குதிரையை நகர்த்தினாய்?" என்று கேட்பதை எந்த விதியும் தடுக்காது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்தான் பெற்றோரின் பக்குவம் இருக்கிறது.

ஆட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு வீட்டிலும் பயிற்சியாளர் சொன்னதே நடந்தது. பிரக்ஞானந்தாவுக்கு ஆர்.பி. ரமேஷ், குகேஷுக்கு விஷ்ணு பிரசன்னா. குகேஷை நெடுங்காலம், நகர்வுகளைக் கணித்துச் சொல்லும் கணினி எஞ்சின் துணையில்லாமல் சொந்தமாகச் சிந்திக்க வைத்தார் விஷ்ணு. மற்ற பிள்ளைகளெல்லாம் எஞ்சினோடு பழகும்போது தன் மகன் மட்டும் அதைத் தொடாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள ஒரு தந்தைக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

வீட்டில் இருந்தவர்கள்

இன்னொரு ஒற்றுமை, படங்களில் வராதது. நாகலட்சுமி பாகுவில் இருந்தபோது குடும்பத்துக்குப் பின்பலம் ரமேஷ்பாபுவின் வங்கிச் சம்பளம். ரஜினிகாந்த் தொழிலை நிறுத்தியபோது வீட்டைத் தாங்கியது பத்மாவின் சம்பளம். ஒருவர் கூடப் போனார், ஒருவர் நின்று சம்பாதித்தார். இந்தப் பங்கீடு இல்லையென்றால் இரண்டு பயணமும் இல்லை. ரமேஷ்பாபு பிள்ளைகளின் வெற்றிக்கான பெருமையைத் தன் மனைவிக்கே கொடுத்திருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் கணக்குப் பார்த்தால் பெருமையில் பாதி அவருக்கும் உரியது.

எதைப் பின்பற்றலாம்?

இரண்டில் எந்த வழி சிறந்தது என்றால், நாகலட்சுமியின் வழி நம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கொஞ்சமாவது எட்டக்கூடியது, வருமானம் நின்றுபோகவில்லை. ரஜினிகாந்தின் வழியை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. மருத்துவர் எப்போது வேண்டுமானாலும் தொழிலுக்குத் திரும்பலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிறவர் வேலையை விட்டால் அதே வேலை மறுபடி கிடைக்காது. பத்து நாள் லீவு போட்டாலே சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். தினக்கூலிக்குப் போகிற அம்மாவுக்கு அந்த லீவும் இல்லை. இந்த இருவரைப் போலவே எல்லாவற்றையும் செய்தும் பிள்ளை பட்டம் வெல்லாத பெற்றோர் பலர் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களின் உழைப்பு எந்த வகையிலும் குறைந்ததல்ல.

ஆகவே பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: ஆட்டத்தைப் பிள்ளையிடமும் பயிற்சியாளரிடமும் விட்டுவிடுவது, வீட்டில் ஒரு வருமானத்தை நிற்கவிடாமல் காப்பது. மற்றதைப் பெற்றோரின் தியாகத்தின் தலையில் கட்டக் கூடாது. அது ஊரும் அரசும் செய்ய வேண்டியது.

போட்டிகளை இங்கே நடத்துவது அதில் ஒன்று. 2022-இல் மாமல்லபுரத்துக்கு சதுரங்க ஒலிம்பியாட் வந்தது. அதில் முதல் பலகையில் தங்கம் வென்றவர் குகேஷ். 2025 ஆகஸ்டில் அதே மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்று, அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். பலகை சதுரங்கத்துக்கானதோ அலைக்கானதோ, களம் பக்கத்தில் இருந்தால் பிள்ளையோடு போக அம்மாவுக்குப் பஸ் கட்டணம் போதும்.

இன்னொன்று, நிதி கொடுக்கும் முறை. அரசு 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையானாலும், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியானாலும், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உதவும்போது கூடப் போகிறவரின் சீட்டையும் அவர் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒற்றைச் சீட்டு வாங்கிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை போகாது. மீதியைத் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளை மட்டுமே போகும். குகேஷுக்குக் கைகொடுக்க அவன் பெற்றோருக்கு நண்பர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட நண்பர்கள் இல்லாத வீட்டுக்கு அந்த இடத்தில் நாம் இருக்க வேண்டும்.