ஒரு படம் எதற்குச் சான்று? பினாங்கின் நானோ ஆய்வேடுகளை முன்வைத்து

நானோப்பொருள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடுகளில் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இல்லாதது அரிது. சாம்பல் நிறப் பின்னணியில் சில கரிய துகள்கள், மூலையில் அளவுகோல், கீழே சராசரி விட்டம் இத்தனை நானோமீட்டர் என்று ஒரு வரி. அந்த வரியின் பாரத்தை அந்தப் படம் தாங்குமா? பல வேளைகளில் தாங்காது என்பதே என் வாதம். அதற்குக் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருவகைக் கேள்விக்கு எடுக்க வேண்டிய படத்தை வேறுவகைக் கேள்விக்கு எடுத்துவைக்கிறோம்.

இந்தக் குழப்பத்தைப் பினாங்கில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியும். 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் உருவானது. சில்லு நிறுவனமான இன்டெல் அங்கு வந்ததும் அதே ஆண்டில்தான். சில்லுத் தொழிலின் பழுதாய்வுக் கூடத்தில், சோதனையில் தோற்ற சில்லின் எந்த இடத்தில் கோளாறு என்பதை மின்சோதனையால் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். பிறகு குவிந்த காலியம் அயனிக் கற்றையால் அந்த இடத்தை மட்டும் 100 நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவி, ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். அங்கே ஒரே படம் போதும், ஏனென்றால் கேள்வியே அந்த ஓரிடத்தைப் பற்றியது.

1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொருளறிவியல் பொறியியல் துறை, கடல் தாண்டிப் பெருநிலத்தில், நிபோங் திபால் வளாகத்தில் இயங்குகிறது. இத்தகைய துறையில் வெள்ளி நானோத்துகள் தயாரிக்கும் மாணவரின் கேள்வி வேறு. அவருக்கு ஓரிடம் முக்கியமன்று. குடுவையில் உள்ள மொத்தத் தூளும்தான் முக்கியம். பத்து நானோமீட்டர் விட்டமுள்ள வெள்ளித் துகள் ஒன்றின் எடை ஏறத்தாழ 5.5 × 10⁻¹⁸ கிராம். அப்படியானால் ஒரு மில்லிகிராமில் சுமார் 180 லட்சம் கோடித் துகள்கள் இருக்கும். அவற்றுள் இருநூறை அளந்துவிட்டு மொத்தத்துக்கும் பேசுகிறோம்.

எண்ணிக்கை சிறிது என்பதால் மட்டும் இது தவறாகிவிடாது. துகள்களின் பரவல் 30 விழுக்காடு என்றாலும், நூறு துகளை எழுந்தமானமாக எடுத்தால் சராசரியின் பிழை 3 விழுக்காடுதான். சிக்கல் அந்த 'எழுந்தமானமாக' என்ற நிபந்தனையில் இருக்கிறது. எத்தனாலில் கலக்கிய தூளின் ஒரு சொட்டு, மூன்று மில்லிமீட்டர் செம்பு வலைத்தட்டில் காய்கிறது. காயும்போது துகள்கள் விளிம்புக்கு ஓடித் திரளும். திரளுக்குள் எல்லைகள் தெரியாது. படமும் அழகாக வராது. மாணவர் பிரிந்து கிடக்கும் சிறு துகள்களைத் தேடிப் போகிறார். அப்புறம் ஒரே படத்திலிருந்து ஆயிரம் துகளை எண்ணினாலும் இந்தச் சாய்வு குறையாது. கருவியில் கிடைக்கும் நேரமோ கொஞ்சம், முறைக்குக் காத்திருப்போரோ பலர். அழகான படம் கிடைத்ததும் எழுந்துவிடத்தான் தோன்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நுண்ணோக்கி தருவது தலைக்கணக்கு. எக்ஸ்-கதிர் விளிம்பு விலகலில் ஷெரர் 1918இல் தந்த சமன்பாடு பருமனுக்கேற்ப எடை கொடுக்கிறது. அதுவும் துகளை அளப்பதில்லை, அதற்குள் இருக்கும் படிகத்தை அளக்கிறது. நாற்பது நானோமீட்டர் துகள் ஒன்றின் பருமன், பத்து நானோமீட்டர் துகள்கள் 64இன் பருமனுக்குச் சமம். ஆகவே இரண்டு முறைகளும் வெவ்வேறு எண் தருவது இயல்பு. இரண்டும் 'நன்கு ஒத்துப்போகின்றன' என்று எழுதியிருந்தால்தான் எனக்கு ஐயம் வரும்.

மூன்றாவது வகைக் கேள்விக்குத் தமிழ்நாட்டின் கீழடி அகழாய்வே உதாரணம். அங்குக் கிடைத்த பானையோடுகளின் உட்புறக் கரும்பூச்சில் கார்பன் நானோக்குழாய்கள் உள்ளன என்று, வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2020இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதியது. இது 'உண்டா, இல்லையா' என்ற கேள்வி. ஒரு குழாயை ஐயமறக் காட்டினால் போதும், எண்ணிக்கை வேண்டாம். ஆனால் அந்தக் குழாய் ஓட்டிலிருந்துதான் வந்தது என்பதைக் காட்டியாக வேண்டும். வலைத்தட்டின் மேல் உள்ள ஆதாரப் படலமே பெரும்பாலும் கார்பன். எலக்ட்ரான் கற்றையும் சும்மா இருப்பதில்லை: சுமார் 86 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் அது கார்பன் அணுக்களை இடம்பெயர்க்கும் என்பதால்தான் இத்தகைய மாதிரிகளை 80 கிலோவோல்ட்டில் பார்ப்பது வழக்கமாயிற்று. அக்குழு ராமன் நிறமாலையையும் எக்ஸ்-கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலையையும் சேர்த்துக்கொண்டது சரியான வழி. மாதிரி இடாத வெற்று வலைத்தட்டின் படத்தையும், அகழ்விடத்து மண்ணின் படத்தையும் பக்கத்தில் வைப்பது இத்தகைய கூற்றுகளுக்கெல்லாம் கட்டாயமாக வேண்டும் என்பேன். தமிழர் பெருமை சார்ந்த கூற்று என்றால் இரு மடங்கு கட்டாயம்.

துகள் அளவீட்டுக்கென ஐ.எஸ்.ஓ. 21363 என்ற தரநிலை 2020இலேயே வந்துவிட்டது. ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: எத்தனை வலைத்தட்டுகள், எத்தனை இடங்கள், எத்தனை துகள்கள், எவற்றை எந்த விதியால் ஒதுக்கினார் என்று மாணவரிடம் கேளுங்கள், ஒதுக்கிய படங்களையும் பின்னிணைப்பில் வைக்கச் சொல்லுங்கள்.