கடலிற் பிறந்த ஒசியானஸ்

பெரியோரின் வாழ்வை வரலாறு பக்கம் பக்கமாக எழுதுகின்றது. ஒரு குழந்தைக்கு அது பெரும்பாலும் ஒரு வரியையே ஒதுக்குகின்றது. அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு ஒரு வாழ்வைத் தேடமுடியுமா, நேயர்களே? முடியும் என்பதற்கு ஒசியானஸ் ஹொப்கின்ஸ் என்ற சிறுவனை நான் எடுத்துக்காட்டாகக் கொள்வேன்.

1620 செப்டெம்பர் 6ஆம் திகதி 102 பயணிகளுடன் 'மேபிளவர்' கப்பல் இங்கிலாந்தின் பிளைமவுத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. 66 நாட்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தில் அலைப்பட்டு அமெரிக்கக் கரையில் நங்கூரமிட்டது. அப்பயணத்திலே ஸ்டீபன் ஹொப்கின்ஸ், எலிசபெத் தம்பதியருக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. சமுத்திரத்திற் பிறந்தமையால் ஒசியானஸ் எனப் பெயரிட்டனர். தந்தைக்குக் கடல் புதிதன்று. 1609இல் வெர்ஜீனியா நோக்கிச் சென்ற 'சீ வென்ச்சர்' கப்பல் பெர்முடாவிலே உடைந்தபோது உயிர்தப்பியவர் அவர். அங்கே கலகம் செய்தாரென மரணதண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மன்னிக்கப்பட்டவர்.

கரைசேர்ந்தோரிற் பாதிப்பேர் வரை முதற் குளிர்காலத்திலேயே மாண்டனர். ஒசியானஸ் எவ்வளவு காலம் வாழ்ந்தான்? இதற்கு விடை தருவன அக்குடும்பம் பற்றிய ஏடுகளே.

ஆளுநர் வில்லியம் பிராட்போர்ட் பிற்காலத்தில் எழுதிய பயணிகள் பட்டியலில் அவன் பிறப்பும் பெயரும் உள்ளன. 1623இல் ஆளுக்கு ஓர் ஏக்கராக நிலம் பகிரப்பட்டபோது ஹொப்கின்ஸ் 6 ஏக்கர் பெற்றார். அந்த ஏடு தலைகளை எண்ணியது. வீட்டிலிருந்தோர் பெயர்களைச் சொல்லவில்லை. 1627 மே மாதம் மாடுகளைப் பங்கிட்டபோதோ, குழந்தைகள் உட்பட ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. தாய், தந்தை, மூத்த தாரத்துப் பிள்ளைகளான ஜைல்ஸ், கொன்ஸ்டன்ஸ், புதிய மண்ணிற் பிறந்த காலேப், டெபோரா ஆகியோர் அதில் உளர். ஒசியானஸ் இல்லை. 1644இல் தந்தை எழுதிய மரணசாசனத்திலும் இல்லை. ஏழு வயது நிறையுமுன்னரே அவன் மறைந்தான் என்பது இதனாற் பெறப்படும். அதே கப்பல் நங்கூரமிட்டு நின்றபோது பிறந்த பெரகிரின் வைற் என்ற குழந்தையோ 1704 வரை வாழ்ந்தான்.

பிள்ளைத்தமிழ் பத்துப் பருவம் வகுத்துப் பாடும். கடலிற் பிறந்த இப்பிள்ளைக்கு மிஞ்சியது ஒரு மாட்டுக் கணக்கில் விடுபட்ட இடமே. அக்கணக்கை எழுதியவர் ஒரு மரணத்தைப் பதிவுசெய்ய நினைத்தவரல்லர். இருந்தவர்களை ஒழுங்காக எழுதினார். அதனால் இல்லாதவனும் தெரிகின்றான்.

வீட்டிலுள்ள பழைய காணி உறுதியையோ கணக்குக் கொப்பியையோ எரிக்குமுன் ஒருமுறை விரித்துப் பாருங்கள். பெயரளவில்கூட நாம் அறியாத ஒரு பிள்ளை அதிலே காத்திருக்கக்கூடும்.