மூன்று ஜில்லா, ஒரு பிடிஎஃப்

இருக்கன்குடியைப் பற்றி ஒரே புத்தகத்தில் படித்துவிட முடியாது. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் இருக்கும் இந்த ஊர், காகிதத்தில் மட்டும் சிதறிக் கிடக்கிறது. 1910 வரை சாத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லா. அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அங்கே போயின. 1985-ல் காமராஜர் மாவட்டம். 1997-ல் தலைவர்களின் பெயர்களை மாவட்டங்களிலிருந்து எடுத்தபோது அதுவே விருதுநகர் மாவட்டம் ஆனது.

ஆக, நம்ம பக்கத்து வரலாற்றைத் தேடுகிறவர் ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மேனுவல் (1879), கால்டுவெல்லின் திருநெல்வேலிச் சரித்திரம் (1881), ஏ. ராமசாமி தொகுத்த ராமநாதபுரம் கெஜட்டியர் (1972) என்று ஒவ்வொன்றிலும் சில பக்கங்களைப் பொறுக்க வேண்டும். ஹெச்.ஆர். பேட் எழுதிய திருநெல்வேலி கெஜட்டியர் வெளிவந்தது 1917-ல். அதற்கு ஏழு வருஷம் முன்பே சாத்தூர் கைமாறிவிட்டது. இது தெரியாமல் அதில் போய்த் தேடினால் நேரம்தான் வீண்.

பொறுக்கிய பக்கங்களை ஒரே கோப்பாக்க வேண்டும். "ஆன்லைன்ல இலவசமா எது சார் நல்லது?" என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். சாஃப்ட்வேர் ஆள் என்பதால் ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்ப்பு. அப்படிச் சொல்ல முடியாததற்குக் காரணம் இருக்கிறது.

இந்தப் பக்கம் ஒட்டும் வேலை நமக்குப் புதிதல்ல. 2000-களின் தொடக்கத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் முன்னின்று டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியாவை ஆரம்பித்தன. அதில் புத்தகம் ஒரே கோப்பாக இருக்காது. பக்கத்துக்கு ஒரு டிஃப் படம். 400 பக்கப் புத்தகம் என்றால் 400 கோப்பு. வாசகர்கள் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு எல்லாப் பக்கத்தையும் இறக்கி ஒட்டுகிற சின்னச் சின்ன நிரல்களைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். பின்னாளில் கார்ல் மாலமூடின் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பு அந்தப் புத்தகங்களை லட்சக்கணக்கில் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றியது. இன்று நாம் ஒரே சொடுக்கில் இறக்குகிற பழைய புத்தகங்களில் பல அப்படி ஒட்டப்பட்டவை. நடுவில் ஒரு பக்கம் காணோம், ஒரு பக்கம் தலைகீழ் என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஒட்டுவதில் அப்படி என்ன கஷ்டம்? பிடிஎஃப் என்பது அடோபியின் ஜான் வார்னாக் 1991-ல் 'கேம்லாட்' என்ற பெயரில் யோசித்து, 1993-ல் வெளியே வந்த வடிவம். 2008-ல் ஐஎஸ்ஓ தரமானது. அதற்குள் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் படத்துக்கும் பக்கத்துக்கும் ஓர் எண் உண்டு. எந்த எண் கோப்பில் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்ற அட்டவணை கடைசியில் இருக்கும். ரெண்டு கல்யாண மொய் நோட்டைச் சேர்த்துத் தைத்தால் ரெண்டிலும் வரிசை எண் 1 இருக்குமே, அதே சிக்கல்தான். எண்களையெல்லாம் மாற்றி, அட்டவணையைப் புதிதாக எழுத வேண்டும்.

இதைச் செய்யும் கருவிகள் ரெண்டு ஜாதி. கியூபிடிஎஃப், பிடிஎஃப்சாம் போன்றவை எண்களை மாற்றிவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே நகலெடுக்கும். இன்னொரு வகை, கோஸ்ட்ஸ்கிரிப்ட் மாதிரி, பக்கத்தை மறுபடி வரைந்து புதுக் கோப்பாக எழுதும். 'பிரின்ட் டு பிடிஎஃப்' கொடுப்பதும் இதே வகைதான். இதில் கோப்பு இளைக்கலாம், ஆனால் படமும் மங்கலாம், தேடுவதற்காக அடியில் வைத்த எழுத்தும் போகலாம். ஆன்லைன் தளம் இதில் எந்த ஜாதி என்று பொத்தானைப் பார்த்து நமக்குத் தெரியாது. என் தயக்கம் முதலில் அங்கேதான்.

2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கணினி ஆய்வாளர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஜெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரத்தில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தால் அறைகளின் அளவே மாறி வந்தது. ஜேபிக் 2 என்ற சுருக்கும் முறை, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எண்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட்டுவிட்டது. 6 இருந்த இடத்தில் 8. மங்கல் என்றால் கண்ணுக்குத் தெரியும், இது பளிச்சென்று இருக்கும் தப்பு. ஜெராக்ஸ் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. பழைய தமிழ்ப் பத்திரத்தில் ௧-க்கும் ௯-க்கும் ஒரு வால்தான் வித்தியாசம் என்பதை நினைத்துப் பாருங்கள். புஞ்சையின் பரப்பு அதில்தான் இருக்கிறது. ஒட்டும்போது 'கம்ப்ரஸ்' என்று எங்காவது டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, யார் கோப்பு என்பது. 1879 மேனுவலின் பக்கங்களை ஐலவ்பிடிஎஃபிலோ ஸ்மால்பிடிஎஃபிலோ ஏற்றி ஒட்டலாம், யாருக்கும் நஷ்டமில்லை. குடும்பப் பத்திரம், பட்டா, ஆதார் நகல் அப்படியல்ல. கொஞ்ச நேரத்தில் அழித்துவிடுவோம் என்று தளங்கள் சொல்கின்றன. அதை நாம் நம்பலாமே தவிர, சரிபார்க்க வழி கிடையாது. அதே பெயர்ச் சாயலில் போலித் தளங்களும் உண்டு. 2025 மார்ச்சில் அமெரிக்க எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம், கோப்புகளை மாற்றித் தருவதாக, சேர்த்துத் தருவதாகச் சொல்லித் தீநிரலை இறக்கிவிடும் இலவசத் தளங்களைப் பற்றி எச்சரித்தது.

அதனால் என் பதில்: பிடிஎஃப்சாம் பேசிக்கைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம், திறமூலம், நெட் இல்லாமலே ஓடும். கட்டளை அடிக்கத் தெரிந்தவருக்கு கியூபிடிஎஃப். டிஜிட்டல் கையெழுத்து உள்ள சான்றிதழை மட்டும் எதிலும் ஒட்டாதீர்கள். ஒட்டிய நிமிஷமே அந்தக் கையெழுத்து செல்லாது, அது தனிக் கோப்பாகவே இருக்கட்டும்.

ஒட்டிய பிறகு ரெண்டு சோதனை. பக்க எண்ணிக்கை கூட்டினால் சரியாக வருகிறதா? கோப்பின் அளவு ஏறக்குறைய மூலக் கோப்புகளின் கூட்டுத்தொகையா? அளவு பாதியாகிவிட்டால் உள்ளே எதையோ சுருக்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிப் புள்ளிகளையும் எண்களையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

வரலாறு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு வெற்றுப் பக்கம் வைத்து, புத்தகம், வருஷம், மூலப் பக்க எண், அப்போது சாத்தூர் எந்த ஜில்லா என்று நாலு வரி எழுதி ஒட்டுங்கள். ஒட்டிய கோப்பில் 12-ம் பக்கம் என்பது ஸ்டூவர்ட்டின் 12-ம் பக்கம் இல்லை. மேற்கோள் காட்டும்போது அந்த நாலு வரிதான் உதவும்.