கைநாட்டும் பெயரும்

நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது பெயர்களின் நெரிசல்தான். அப்துல் காதர்கள், முகம்மது இபுராகிம்கள், எண்ணி மாளாத சாகுல் ஹமீதுகள். நாகூர் நாயகத்தின் பெயரை வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கேனும் வைத்த தலைமுறை அது. அவர் நினைவாகத் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1828க்கும் 1830க்கும் இடையில் தர்கா எழுப்பியதும் தமிழகத்துக் கரையிலிருந்து வந்த நம்மவர்தான். ஆகவே ஆளைப் பிரித்துச் சொல்ல ஊரும் தொழிலும் உதவின: தென்காசி சாகுல், கடைக்கார சாகுல், கண்ணாடி சாகுல்.

அரசாங்கத்திடம் இது செல்லவில்லை. அவசரகாலத்தை ஒட்டி 1948இல் இங்கே ஆள்பதிவு தொடங்கி, அடையாள அட்டை வந்தது. எழுத்தரின் காதில் விழுந்தபடி பெயர் ஆங்கிலத்தில் ஏறியது. ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்களில் அண்ணன் பெயரில் 'பின்', தம்பி பெயரில் 'சன் ஆஃப்' என்று நிற்கும் குடும்பங்கள் நம்மில் இன்றும் உண்டு. அட்டையில் பிழையில்லாமல் பதிந்தது பெருவிரல் ரேகை ஒன்றுதான் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் நம் பெரியவர்களுக்கு அந்த ரேகையில்தான் கூச்சம். 'கைநாட்டு' என்றால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று பொருள். பிள்ளைகளாவது கையெழுத்துப் போடட்டும் என்ற தவிப்பில்தான், கடையநல்லூர்க்காரர்கள் 1946இல் தஞ்சோங் பகாரில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள்.

கைநாட்டின் கதை வேறு. 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை மைதொட்டுப் பதிய வைத்தார். பிறகு 'நான் செய்த ஒப்பந்தமில்லை' என்று அவர் மறுக்கக் கூடாதே! 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகை நிலையம் அமைந்தது. குவியும் ரேகைகளில் ஒன்றைத் தேடி எடுக்க 1,024 அறைகளாகப் பிரிக்கும் கணக்கை வகுத்தவர், காவல்துறையில் பணியாற்றிய காஜி அஜீசுல் ஹக். முறைக்கு நிலைத்ததோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். நாம் ஹக்கின் பெயரையும் சேர்த்தே சொல்வோம்.

அந்தக் கணக்கு வேலை செய்வதற்குக் காரணம் எளியது. வளையம், சுழி, வில் என்ற சில வகைகளுக்குள் உலகத்தார் எல்லாருடைய விரலும் அடங்கிவிடும். ஊர், மொழி, மார்க்கம் பார்த்து வகை மாறாது. அந்த வகைக்குள்ளே கோடு எங்கே பிரிகிறது, எங்கே முடிகிறது என்பது மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ஒரே கருவில் உருவான இரட்டையருக்கும் வேறுதான்.

தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் நம் பாட்டிமார். அம்மியும் குழவியுமாகக் கழிந்த விரல்கள். அவர்களில் ஒருவரை முதுமையில் ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனபோது, இயந்திரம் அவர் விரலை மூன்று முறை மறுத்தது. 'தேஞ்சு போச்சு, தம்பி' என்று அவர் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் யார் என்பதற்கு அந்தத் தேய்வைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

லிட்டில் இந்தியாவில் டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளிவாசலுக்கு வருகிறவர்கள் வாசலின் மேலே நிமிர்ந்து பாருங்கள். 25 கதிர்கள் கொண்ட சூரியன்; கதிருக்கு ஒரு நபியின் பெயர். பழைய குதிரைப் பந்தயத் திடலில் வேலை பார்த்த தமிழரும் பாவியான் தீவினரும் அங்கே ஒரே வரிசையில் நின்று தொழுதார்கள். ஜும்ஆ முடிந்து கூட்டம் வெளியே வரும்போது 'சாகுல் பாய்' என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். நாலு பேராவது திரும்புவார்கள்.