ஏவலாளாக வந்த சிப்

ஐந்து டாலருக்கு வைஃபை என்ற செய்தி 2014 ஆகஸ்டில் பரவியபோது, எலெக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள் பலர் நம்பவில்லை. நம்பாததில் நியாயம் இருந்தது. அர்டுயினோவுக்கென்றே வந்திருந்த வைஃபை ஷீல்டின் விலை 80 டாலரைத் தாண்டியிருந்தது. போர்டு 30 டாலருக்குள் கிடைக்கும். அதன் தலையில் ஏற்றும் ஷீல்டுக்கு அதைவிட இரண்டரை மடங்கு அழ வேண்டும். புதிதாக வந்த சரக்கோ கட்டைவிரல் அகலம்தான். எட்டுக் கால்கள், இரண்டு கறுப்புச் சிப்கள், ஓரத்தில் நெளிநெளியாக ஓடும் செம்புத் தடம் ஒன்று, அதுதான் ஆன்டெனா. பலகையின் பெயர் இஎஸ்பி-01. அதில் உட்கார்ந்திருந்த சிப், இஎஸ்பி8266.

பிறந்த ஊர் ஷாங்காய். சிங்கப்பூர்க்காரரான டியோ ஸ்வீ ஆன் 2008-இல் அங்கே தொடங்கிய எஸ்பிரெசிஃப் நிறுவனம், மலிவு டேப்லெட்டுகளுக்கு வைஃபை சிப் செய்து பழகியிருந்தது. அந்தச் சந்தையில் சில சென்ட் வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறிவிடும். எனவே ரேடியோவுக்கு வழக்கமாக வெளியே வைக்கும் பேலன், பவர் ஆம்ப்ளிஃபையர், ஆன்டெனா சுவிட்சு எல்லாவற்றையும் சிலிக்கனுக்குள்ளேயே அடக்கக் கற்றுக்கொண்டார்கள். 5 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஓரிடத்தில் மட்டும் கையை இறுக்கிவிட்டார்கள்: புரோகிராமைச் சேமிக்க உள்ளே ஃபிளாஷ் இல்லை. பலகையில் தெரியும் இரண்டாவது சிப் அதற்காகத்தான்.

வந்த புதிதில் இஎஸ்பி8266-க்குக் கொடுத்த வேலை, ஏவல் வேலை. பழைய டெலிபோன் மோடம்களுக்கு எழுதிய அதே பாணி ஏடி கட்டளைகளை சீரியல் வழியாக அர்டுயினோ அனுப்பும். இது ரவுட்டரோடு சேர்ந்துகொண்டு "ஓகே" என்று திருப்பிச் சொல்லும். ஏவியவரின் தகுதி என்ன? 8 பிட், 16 மெகாஹெர்ட்ஸ், 2 கேபி ராம். ஏவலாளிடமோ 32 பிட் ப்ராசஸர், 80 மெகாஹெர்ட்ஸ், நமது புரோகிராமுக்கு மட்டுமே ஏறத்தாழ 80 கேபி ராம். இதைக் கவனித்த ஒவ்வொருவருக்கும் அடுத்த கேள்வி தானாக வந்தது: நடுவில் அர்டுயினோ எதற்கு?

பதில் விலையில் இல்லை, கம்பைலரில் இருந்தது. சிப்புக்குள் இருந்தது டென்சிலிக்காவின் எக்ஸ்டென்சா கோர். கடையில் கேட்டு வாங்கும் வகையல்ல. அதற்கான கம்பைலருக்கு லைசென்ஸ் காசு கொடுக்க வேண்டும். ஆவணங்கள் சீன மொழியில். ஆர்வலர்கள் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு வரி வரியாகப் படித்தார்கள். ஜிசிசி கம்பைலருக்கு எக்ஸ்டென்சா ஏற்கெனவே அறிமுகமாகியிருந்ததால், அதை இந்தச் சிப்புக்கு இசைய வைத்தார்கள். 2014 அக்டோபரில் எஸ்பிரெசிஃப் தனது மென்பொருள் தொகுப்பைப் பொதுவில் விட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் லூவா மொழியில் எழுதலாம் என்று நோட்எம்சியு வந்தது. 2015-இல் இவான் குரோகோட்கோவ் என்ற நிரலாளர் அர்டுயினோ மென்பொருளையே இதற்குக் கொண்டுவந்தார். பிறகு அவரை எஸ்பிரெசிஃப் வேலைக்கே எடுத்துக்கொண்டது. என் கணக்கில் இந்தச் சிப்பின் பிறந்தநாள் அந்த 2015-தான். அதுவரை அது மலிவான மோடம்.

கருவி வந்துவிட்டாலும் இஎஸ்பி-01 லேசில் வசப்படுகிற ஆள் இல்லை. எட்டுக் கால்களும் நாலு நாலாக இரண்டு வரிசை. பிரெட்போர்டில் குத்தினால் எதிரெதிர்க் கால்கள் ஷார்ட் ஆகிவிடும். வேண்டியது 3.3 வோல்ட். அதை அர்டுயினோ ஊனோவின் 3.3 வோல்ட் காலிலிருந்தே எடுப்பார்கள். அந்தக் கால் தருவது 50 மில்லிஆம்பியர். வைஃபையில் அனுப்பும் நொடியில் சிப் இழுப்பதோ 300 வரை. வோல்டேஜ் சரிந்து, சிப் ரீசெட் ஆகி, மறுபடி எழுந்து, மறுபடி விழும். திரையில் 115200 பாட் வேகத்தில் பார்த்தால் ஏதோ கிறுக்கல். சிப் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. உண்மையில் அந்தக் கிறுக்கல் ஒழுங்கான ஆங்கிலம்தான். சிப்பின் ரோம் தன்னோடு 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதாக எண்ணிக்கொண்டு பேசுகிறது. பலகையில் இருப்பது 26. எனவே வேகம் அதே விகிதத்தில் குறைந்து 74880 ஆகிவிடுகிறது. சீரியல் மானிட்டரில் அந்த வேகத்தை வைத்தால், ஏன் ரீசெட் ஆனேன் என்று அதுவே சொல்லும்.

இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை நோட்எம்சியு பலகை தீர்த்தது. யூஎஸ்பி, ரெகுலேட்டர் எல்லாம் இருந்தன. ஆனால் என்னைக் கேட்டால் அதன் பெருமை இரண்டு சிறு டிரான்சிஸ்டர்களுக்கே சேரும். முன்பு புரோகிராம் ஏற்ற ஜிபிஐஓ0 காலைக் கிரவுண்டில் பிடித்துக்கொண்டு, ரீசெட் செய்து, கையை விட வேண்டும், ஒவ்வொரு முறையும். அந்த டிரான்சிஸ்டர்கள் கம்ப்யூட்டரின் சைகையைப் பார்த்து அதைத் தாமே செய்தன. குறையும் இல்லாமல் இல்லை. பலகையில் டி1 என்று அச்சிட்டிருப்பது சிப்புக்கு ஜிபிஐஓ5. டி2 என்பது 4. யார் செய்த குறும்போ, இன்றும் புதியவர்கள் இதில் இடறுகிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் அகலத்தைப் பார்த்து வாங்குங்கள். லோலின் வி3 என்று வரும் அகலப் பலகை பிரெட்போர்டை முழுக்க மூடிவிடும்; ஜம்பர் வயர் குத்த ஒரு துளைகூட மிஞ்சாது.

அடுத்து இந்தச் சிப் வீடுகளுக்குள் போனது. சோனாஃப் போன்ற மலிவு ஸ்விட்சுகளைப் பிரித்தவர்கள் உள்ளே பார்த்தது இதே சிப்பை. சீரியல் இணைப்புக்கான துளைகளும் வரிசையாக இருந்தன. முன்பக்கப் பட்டனோ ஜிபிஐஓ0-இலேயே இணைந்திருந்தது; அழுத்திக்கொண்டே 3.3 வோல்ட் கொடுத்தால் புரோகிராம் ஏற்றத் தயார். (வீட்டு மின்சாரத்தில் செருகியபடி இதைச் செய்யவே கூடாது, உயிர் போகும்.) தொழிற்சாலை மென்பொருளைத் துடைத்துவிட்டு, 2016-இல் தொடங்கிய டாஸ்மோட்டா என்ற மாற்று மென்பொருளை ஏற்றினால் கம்பெனியின் சர்வர் இல்லாமலே விளக்கு எரியும். சிப்பைச் செய்த நிறுவனமும் பின்தங்கவில்லை: 2019 ஜூலையில் ஷாங்காயில் ஸ்டார் பங்குச் சந்தை திறந்த முதல் நாளில் பட்டியலான 25 நிறுவனங்களில் எஸ்பிரெசிஃப்பும் ஒன்று.

இன்று இஎஸ்பி8266-ஐவிட மலிவான சிப்கள் இருக்கின்றன. நான்ஜிங்கின் டபிள்யூசிஎச் நிறுவனம் செய்யும் சிஎச்32வி003 ஏறத்தாழ 10 சென்ட். ரிஸ்க்-ஃபைவ் கோர், 48 மெகாஹெர்ட்ஸ், 2 கேபி ராம். ஆனால் அதில் புரோகிராம் ஏற்ற அவர்களது லிங்க்-இ போன்ற தனிக் கருவி வேண்டும். அதற்குச் சில டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நூறு பலகை செய்பவருக்குச் சுமைகூலி நூறாகப் பிரிந்துவிடும், எடுக்கலாம். ஒரே ஒரு தோட்ட மோட்டாருக்கு டைமர் செய்பவருக்கு வேண்டாம். வைஃபையே தேவையில்லை என்றால், 2021-இல் 4 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ நல்ல தேர்வு. யூஎஸ்பியில் செருகினால் பென்டிரைவாகத் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் போதும்.

வைஃபை வேண்டும் என்பவருக்கு இன்று நான் 8266-ஐச் சொல்வதில்லை. அனலாக் உள்ளீடு ஒன்றே ஒன்று, அதுவும் 1 வோல்ட் வரைதான். அதன் வாரிசான இஎஸ்பி32-சி3-ஐ எடுங்கள். எக்ஸ்டென்சாவை விட்டு ரிஸ்க்-ஃபைவுக்கு மாறியிருக்கிறது. யூஎஸ்பி சீரியலும் பிழைதேடும் ஜெடேக் கருவியும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. சில பலகைகளில் இன்னமும் சிஎச்340 என்ற பழைய மாற்றிச் சிப்பை வைத்து விற்கிறார்கள். அது இல்லாத, கேபிள் நேராகச் சிப்புக்கே போகிற பலகையைக் கேட்டு வாங்குங்கள். அதில் 18, 19 ஆகிய இரண்டு கால்கள் யூஎஸ்பிக்கே போய்விடும். அவற்றில் ரிலேயை இணைக்காதீர்கள்.