இரண்டாம் பாகமும் விமர்சனமும்

தமிழ்ப் படங்களில் இரண்டாம் பாகம் என்ற சரக்கு வெகு காலம் புழக்கத்தில் இல்லை. ஓடிய படத்தின் கதையை வேறு பெயரில் மறுபடி எடுப்பார்கள். அதே பாத்திரங்களைத் தொடர மாட்டார்கள். 1979-இல் ஜி. என். ரங்கராஜன் இயக்கிய 'கல்யாணராமன்' ஓடியது. 1985-இல் எஸ். பி. முத்துராமன் இயக்கத்தில் 'ஜப்பானில் கல்யாணராமன்' வந்தது. இரண்டுக்கும் எழுத்து பஞ்சு அருணாசலம். தமிழில் இரண்டாம் பாகத்தின் சரித்திரம் அநேகமாக இங்கேதான் ஆரம்பிக்கிறது.

அது வெளியான 1985 நவம்பர் 11, தீபாவளி. அன்றே 'சிந்து பைரவி'யும் 'படிக்காதவ'னும் வந்தன. தேசிய விருதுகள் பிறகு 'சிந்து பைரவி'க்குப் போயின. 'ஜப்பானில் கல்யாணராமன்' பற்றி நிலைத்தது ஒரே வாக்கியம்: முதல் படம் மாதிரி இல்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களுக்கு அந்நாளில் படப்பெட்டி பெரும்பாலும் மதுரையில் ஓடிய பிறகே வரும். தீர்ப்பு பெட்டிக்கு முன்னால் வந்துவிடும்.

தீர்ப்பு தவறு என்பதல்ல என் வாதம். அதை அடைந்த வழி போதாது. 1977-இல் 'பதினாறு வயதினிலே'வுக்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்தது. நம் சினிமா விமர்சனத்தின் மனப்பாங்கு அந்த எண்ணில் இருக்கிறது: படம் ஒரு பரீட்சைத் தாள். இரண்டாம் பாகம் வந்தால் முதல் படமே சரியான விடை ஆகிவிடுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இதற்கு வேறு முன்னுதாரணம் உண்டு. ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாட்டு. நாச்சியார் திருமொழி 143. மார்கழி முழுக்க ஊரெங்கும் ஒலிப்பது முதலாவது. இரண்டாவதில் பலர் அறிந்தது கல்யாண வீட்டு வாரணமாயிரம் மட்டுமே. வெகுஜன ரசனை இங்கேயும் முதலாவதோடு நின்றுவிட்டது. ஆனால் பதிமூன்றாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் வியாக்கியானம் செய்த பெரியவாச்சான் பிள்ளை அப்படி நிற்கவில்லை. திருப்பாவையில் வேண்டியது கைகூடாத ஆற்றாமையே அவளைக் காமதேவனிடம் தள்ளியது என்று தொடர்ச்சிக்குக் காரணம் காண்கிறார். முதலாவதில் எது மிச்சம் நின்றது? இதுதான் அவர் கேள்வி.

பக்திக் கவிதையையும் கமர்ஷியல் காமெடியையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 'கல்யாணராமன்' மிச்சம் வைத்தது குறைவு. கொலையுண்ட அப்பாவி ஆவியாகி இரட்டைச் சகோதரன் உடம்பில் புகுந்து கணக்குத் தீர்த்தாயிற்று. ஜப்பான் பயணத்துக்கு உந்துதல் கதைக்கு வெளியே, அந்த வருஷம் த்சுகுபாவில் நடந்த உலகக் கண்காட்சியில் இருந்தது. படத்தின் தொய்வுக்கு இது ஒரு விளக்கம். 'மாதிரி இல்லை' என்பது விளக்கம் ஆகாது.

'மணல் கயிறு' விஷயம் வேறு. 1982-இல் விசு எடுத்த படம். பெண் தேடுகிற கிட்டுமணி எட்டு நிபந்தனை போடுகிறான். பெண் போட்டால் என்ன ஆகும் என்பது அதிலேயே மிச்சம் நின்ற கேள்வி. 2016-இல் மதன்குமார் இயக்கிய 'மணல் கயிறு 2'-இல் கிட்டுமணியின் மகளே எட்டு நிபந்தனை போடுகிறாள். அசலான வித்து இது. படம் அதை முளைக்க விட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். நான் படித்த விமர்சனங்கள் பழைய விசுவின் வசனத்தையே தேடின.

குடும்பக் காமெடி பொழுதுபோக்கு, அதற்கு எதற்கு இவ்வளவு என்பார்கள். நம் வீடுகளில் நிபந்தனை போடும் உரிமை யாருக்கு என்பதை ஜனங்கள் பார்த்துச் சிரித்தது அங்கேதான். மார்க் போட்டு அதைத் தாண்டிப் போகிற விமர்சனம் சமூகத்தையும் தாண்டிப் போய்விடுகிறது.